இரண்டு உருண்டையும் ஓர் ஊசியும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, ஊருக்குப் போய்விட்டேனா என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். போகத்தான் பார்த்தேன் — வழியில் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

காரிமங்கலம் சந்தையில் நின்றிருந்தபோது கல்லடைப்பு வலி இடுப்பைப் பிடித்தது. புழுதியில் உருண்டேன். கூட இருந்த மாட்டு வியாபாரி நண்பர் மடியிலிருந்து அபினை எடுத்தார்.

"என் முட்டி வலிக்கு இதுதானுங்க. முழுங்குங்க."

மிளகளவு உருண்டை. கால் மணி நேரம் பொறுத்தேன். வலி கேட்கவில்லை. இன்னொன்று.

இதே பக்கத்தில் அபினைத் திட்டி எழுதியவன்தான் நான். வலி வந்தால் கொள்கை எங்கே நிற்கும்?

தகவல் போய் மனைவி ஓடிவந்தாள். யுத்தத்துப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடுகிற பஸ்ஸில் தர்மபுரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் கேட்டார்: "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

பக்கத்தில் மனைவி. "இல்லீங்க" என்றேன்.

மார்பியா ஊசி போட்டார். வலி போயிற்று. வலி மட்டுமா? கை, கால், கவலை... ஒவ்வொன்றாகப் போயிற்று. காது மட்டும் மிஞ்சியது.

"டாக்டர், கண்ணு பாப்பா கடுகாட்டம் சுருங்கிருச்சுங்க!" கம்பவுண்டரின் குரல். "மூச்சும் நின்னு நின்னு வருதுங்க."

"ஏம்மா, அபின் கிபின் தின்னாரா?"

"ஐயோ, இவரு அதத் தொடவே மாட்டாருங்க."

அதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். டாக்டர் குனிந்து என் வாயை முகர்ந்தார்.

"அபின்தாம்மா. அதுவும் மார்பியாவும் ஒரே சரக்கு. ரெண்டும் சேந்து மூச்சை அமுக்குது. மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருங்க. சொன்னா விடுவாரு. நிறுத்திராதீங்க."

"மூச்சு உடுங்க" என்றாள். விட்டேன். "உடுங்க." விட்டேன். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை இதேதான்.

நடுவே ஒருமுறை குரல் கம்மி, தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். என் மார்பு நின்றது. நின்றது எனக்குத் தெரிந்தது! மூச்சு முட்டவில்லை, பயமும் இல்லை. வேறு யாருடைய மார்போ நின்றுபோனதைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் சொன்னால் விடலாம் என்று காத்திருந்தேன்.

செம்பு உருளும் சத்தம். கன்னத்தில் பளீரென்று ஓர் அறை. "உடுங்க சாமி!"

விட்டேன்.

மறுநாள் காலை நானே சொன்னேன்: "ரெண்டு உருண்டை." அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஊசியைப் போட்டே இருக்கமாட்டாராம் டாக்டர். ஒரு வார்த்தை... மனைவிக்குப் பயந்து விழுங்கிவிட்டேன்.

பார்க்க வருகிறவர்களெல்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா என்று கேட்கிறார்கள். துளிகூடக் கஷ்டமில்லை ஐயா — அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.