நான்கு சார்ஜர், நான்கு மூலை

மின்சாரம் சிவப்பு ஒயரில்தான் வருகிறது, கருப்பு ஒயர் சும்மா துணைக்குப் போகிறது என்று நாற்பத்தாறு வயது வரை மனதார நம்பியவன் நான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருபது வருடமாக ஒயரை மீட்டர் மீட்டராக அளந்து கொடுப்பவன் இதை வெளியில் சொல்லக் கூடாதுதான்.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீள அறையில் என் மனைவி பட்டுப்புழு வளர்க்கிறாள். புழுவுக்குச் சூடு கூடினாலும் ஆகாது, ஈரம் கூடினாலும் ஆகாது. அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, போனில் பார்த்துப் படித்து, மூலைக்கு ஒன்றாகச் சூடு அளக்கும் சென்சார் போர்டு மாட்டினேன். கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி சப்ளை உண்டல்லவா? அதே கணக்கில் நான்கு போர்டுக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கிய நான்கு பழைய போன் சார்ஜர். நான்கின் அளவையும் வாங்கிப் போனுக்கு அனுப்பும் மெயின் போர்டுக்கும் தனியாக ஒன்று. ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் மெயின் போர்டுக்கு ஒரே ஒரு சிக்னல் ஒயர். அதோடு கருப்பையும் எதற்கு இழுக்க வேண்டும், வீண் செலவு.

புழு கூடு கட்ட மூன்று நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், போனில் ஒரு மூலை பத்தொன்பது டிகிரி என்றது, இன்னொரு மூலை ஐம்பத்து மூன்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு தேவைக்கு மேல் ஓடின. சாக்கை நனைத்து அந்த மூலையில் தொங்கவிட்டேன், புழு இருந்த தட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்தேன்.

"அம்பத்து மூணுல நீ நின்னுக்கினு இருப்பியா? புழு பாட்டுக்குத் தழை தின்னுது. இந்த மனுசனுக்குத்தான் வேர்க்குது" என்றாள் மனைவி. நான் அவளை நம்பவில்லை. மெஷினை நம்பினேன்.

எங்கள் தெருவில் குடியிருந்த லைன் லீடர் மேடத்துக்குப் போன் செய்தேன். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் முப்பது பேரை வைத்து வேலை வாங்கியவர். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்ததும், "மொதல்ல இந்தச் சாக்கை எடுங்க" என்றார். பிறகு சார்ஜர் வரிசையைப் பார்த்தார்.

"அண்ணா, இந்த சென்சார் மாடியில நின்னு அளக்குது, மெயின் போர்டு கெணத்துக்குள்ள நின்னு அளக்குது. தரை எதுன்னு ரெண்டுக்கும் தெரியல. கருப்பு ஒயர்தான் தரை."

சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கினார். கையோடு கொண்டுவந்த கரண்டு மீட்டரை வைத்து நல்லதாக ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு ஜோடியாகச் சிவப்பும் கருப்பும் இழுத்தார். கருப்பெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஒயரை முழம் போட்டு அளந்ததில் ஒரு விரல்கடை மிச்சம் விழவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நான் அவசரமாக ஸ்விட்சுக்குக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு, சிவப்பும் கருப்பும் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று மீட்டரால் தொட்டுப் பார்த்தார்.

"கரண்டு குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும்ணா. குடுத்தப்புறம் கேட்டா பொகையாத்தான் பதில் சொல்லும்."

ஸ்விட்சைப் போட்டதும் நான்கு மூலையும் இருபத்தேழு என்றன. என் முகத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அண்ணன் நல்லதுக்குத்தான் பண்ணாரு, அக்கா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் இரண்டாவது ஷிப்டுக்குப் போனார்.

இப்போது அவர் கர்நாடகப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். அவர் கட்டிய ஒயரில் இன்றுவரை ஒன்றும் கழன்றதில்லை. எத்தனையோ இன்ஜினியர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் சொல்லாமலே இரண்டாவது முறை இழுத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வாரம் மற்ற தட்டுப் புழுவெல்லாம் கூடு கட்டின. நான் ஈரச்சாக்கு தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்த மூலையில் இரண்டு தட்டுப் புழு மட்டும் சோர்ந்து செத்தன. அன்றைக்கு அந்த அறையில் சூடே ஏறவில்லை.