விரித்துக் காட்டும் கை

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குக் காரிமங்கலத்தை அடுத்த ஊரொன்றில் கலைவாணன் நிர்மலாவை முதன்முதலாகச் சந்தித்தான். கேமராவின் முன் கையசைத்தே இணையத்தில் கூலிவேலை செய்யும் முறையைக் கையில்லாதவர்களுக்கும் பொருந்துமாறு திருத்துவது அவன் பணி. நிர்மலாவுக்கு இரு கைகளும் மணிக்கட்டோடு போயிருந்தன.

"வெல்ல ஆலையில எந்தங்கச்சி கை மாட்டிக்கிச்சுங்க. இவ புடிச்சி இழுத்தா. அவ கை வந்துருச்சு, இவளுது போயிருச்சு" என்றான் கணவன் சந்திரமோகன். அந்தத் தங்கை சசிகலா, பக்கத்து வீட்டுக்காரி. வலக்கையில் ஒரு தழும்போடு தப்பியவள்.

கலைவாணன் கெட்டிக்காரன். தலையைச் சாய்த்தால் 'ஆம்', முழங்கையைத் தூக்கினால் 'இல்லை' என்று கேமராவைப் பழக்கினான். திரையில் வரும் தக்காளி பழுத்ததா என்று நிர்மலா நாள்முழுதும் தலைசாய்த்தாள். வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஒன்று மட்டும் திருந்தவில்லை. வேலை செய்வது மனிதர்தான் என்று உறுதிசெய்ய, காலைதோறும் ஐந்து விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். முதல்நாள் காட்டிய கையையே என்றும் காட்ட வேண்டும். "அடுத்த தடவ சரிபண்ணிடலாங்க" என்று அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். அதுவரை காட்டியது சசிகலாவின் வலக்கைதான்.

"மவராணிக்கு வெரல் காட்ட வந்துட்டேன்!" என்று வாசலிலேயே கூவிக்கொண்டு வருவாள்.

மறு ஆண்டு தன் நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் படமெடுக்கக் கலைவாணன் வந்தான். சசிகலாவும் பூ வைத்துக்கொண்டு வந்து அண்ணியின் அருகில் நின்றாள்.

"நீங்க தள்ளிக்குங்க. கூட ஆளிருக்கறது தெரியக்கூடாது. தானா செய்யறாங்கன்னு காட்டணும்" என்றான் அவன் சசிகலாவிடம்.

திரை விரல்களைக் கேட்டது. மூன்று முறை தவறினால் கணக்கு அடியோடு முடங்கும். சசிகலா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தானா செய்யறவங்க தானா காட்டட்டும். என்னங்க அண்ணி, காட்டுங்களேன்!"

"வெளையாடாத சசி. வா" என்றாள் நிர்மலா.

முதல் முறை தவறியது.

"கும்புட்டுக் கேளுங்க, வரேன்."

சொல்லிவிட்டுச் சசிகலாவே சிரித்தாள். இரண்டாவதும் தவறியது. கலைவாணன் தன் கையை நீட்டிப் பார்க்க நினைத்தான்; பயனில்லை என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அடியே, அந்தக் கை யாரால…" என்று சந்திரமோகன் பாய்ந்தான். நிர்மலா அவனைப் பார்த்து முழங்கையைத் தூக்கினாள். மூன்றாவதும் தவறித் திரை இருண்டது.

அவள் முழங்கையைத் தூக்கிய நொடியில் பதிவான படமே நன்றாக வந்திருந்தது. நிர்மலா கையசைத்து வரவேற்பதாக எழுதி நிறுவனம் அதை வெளியிட்டது. கலைவாணனுக்குப் பாராட்டும் கிடைத்தது. நிர்மலாவுக்கு வேலை போனது போனதுதான். வேலியின் அந்தப் பக்கம் சசிகலா தழும்பேறிய கையால் துணி பிழிவதை அவள் தினமும் பார்த்தாள். ஆலையில் கொடுத்த கடனை ஒருநாளும் கேட்கவில்லை.