கடவுளை விட்டுவிட்டுச் சொன்ன சாட்சி

நீதிமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சத்தியக்காரர் என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சாட்சிகளைக் கூப்பிடுவதும், கூண்டில் ஏறியவர்களுக்குச் சத்தியம் செய்துவைப்பதும் அவர் வேலை. "வலது கையத் தூக்குங்க. நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க. கடவுள் சாட்சியாக..." என்று அவர் ஆரம்பித்தால், வாசலில் அரட்டை அடிக்கிற வக்கீல்கள்கூட ஒரு நிமிஷம் வாயை மூடுவார்கள். அப்படி ஒரு கணீர்க் குரல். இருபத்தாறு வருஷம் அந்தக் குரல் ஒருநாள்கூடக் கம்மியதில்லை.

வீட்டிலும் அவருக்கு வாய்க்கு வாய் கடவுள்தான். பஸ் சீக்கிரம் வந்தால் கடவுள் அனுப்பினார், வராவிட்டால் கடவுள் சோதிக்கிறார். ஒருநாள் மின்விசிறி நின்றுபோனதற்கு "ஆண்டவனே, இது என்ன சோதனை!" என்றார். "அவருக்கு வேற வேலையே இல்லையா? நம்ம வீட்டு ஃபேனையும் அவர்தான் வந்து பாக்கணுமா?" என்றாள் மனைவி. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அது வெறும் வாய்ப் பழக்கம் இல்லை. விடிந்ததும் குளித்துவிட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காராமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். பொய் சொல்கிறவனைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவர் கையில் ஒரு அட்டை இருக்கும். அதில் இரண்டு வாசகங்கள். மேலே கடவுள் பெயரால் செய்கிற சத்தியம். கீழே, கடவுள் பெயர் வேண்டாம் என்கிறவர்களுக்கு, "உளமார உறுதி கூறுகிறேன்" என்று தொடங்குகிற உறுதிமொழி. அட்டையைப் பிடிக்கும்போது அவருடைய கட்டைவிரல் எப்போதும் கீழ் வாசகத்தை மறைத்துக்கொண்டுதான் இருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

ஒருநாள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற ஒரு பெண் சாட்சி சொல்ல வந்தாள். அவர் "கடவுள் சாட்சியாக" என்றதும், கையைத் தூக்கியபடியே, "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைங்க. இன்னொரு உறுதிமொழி உண்டுன்னு சொன்னாங்களே?" என்றாள்.

சத்தியக்காரருக்குச் சுருக்கென்றது. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "கடவுளே இல்லேன்னா பொய் சொன்னா யாரும்மா கேப்பா?" என்றார். வக்கீல்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது.

"நான் கேப்பேன்" என்றார் மேடையிலிருந்த நீதிபதி அம்மா. சிரிப்பு அடங்கியது. "அவங்க கேட்டதப் படிங்க. ஏன் எதுக்குன்னு காரணம் கேக்க நமக்குச் சட்டத்துல இடமில்ல."

அவர் படித்தார். முதல்முறை என்பதால் இரண்டு இடத்தில் தடுக்கியது. சாயங்காலம் மனைவியிடம், "காலம் கெட்டுப்போச்சு. கடவுளையே கழட்டி வெச்சுட்டுக் கூண்டுல ஏறுறாங்க" என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பீரோ ஒன்றை வாங்கி மகள் வீட்டில் இறக்குவதற்காக மாப்பிள்ளையோடு வேனில் போனார். மாப்பிள்ளை வாடகை வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். நல்லவன்தான், ஆனால் கை சும்மா இருக்காது. போன் மினுக்கியது, குனிந்து பார்த்தான். "மாப்பிள்ளை, ரோட்டப் பாருங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேன் இடதுபக்கம் ஒடித்துத் திரும்பியது. ஓரமாக நேரே போய்க்கொண்டிருந்த சைக்கிள் மேல் டமாரென்று மோதியது.

சைக்கிளில் வந்தவர் ஒரு தையல்காரர். ஐம்பது வயதிருக்கும். வலதுகால் முழங்காலுக்குக் கீழே கோணலாகத் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கத்தவில்லை. பையிலிருந்து சிதறிய சட்டைத் துணி அழுக்காகிறதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். மாப்பிள்ளை வேனைவிட்டு இறங்கி வந்து, "மாமா, கடவுள்தான் காப்பாத்தினார். நமக்கு ஒண்ணும் ஆகல" என்றான். சத்தியக்காரரும் பழக்கதோஷத்தில், "ஆமா, கடவுள் புண்ணியம்" என்று சொல்லிவிட்டார். இரண்டடி தள்ளிக் கிடந்த தையல்காரர் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தார்.

வழக்கு அடுத்த கூடத்தில், வேறொரு நீதிபதியிடம் வந்தது. வண்டிக்குள் இருந்த ஒரே சாட்சி சத்தியக்காரர். விசாரணைக்கு முந்தின வாரம் மகள் வந்தாள். இடுப்பில் சின்னது, கையில் பெரியது.

"அப்பா, லைசென்ஸ் போச்சுன்னா எங்க பொழப்பு போச்சு. அந்த ஆளு திடீர்னு குறுக்க வந்துட்டார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"கடவுள் பேரால பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

அவள் அழுதாள். குழந்தைகளும் சேர்ந்து அழுதன.

மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவருக்கே உதித்தது. அட்டையின் கீழ் வாசகம்! அதைச் சொன்னால் கடவுளை இழுக்க வேண்டியதில்லை. பொய் பொய்தான், ஆனால் கடவுள் பெயரில் சொன்ன பொய் ஆகாது. கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். 'ஆண்டவன்தான் வழி காட்டினார்' என்றுகூட நினைத்துக்கொண்டார். பின்னால் அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது அந்த ஒரு நினைப்புக்காகத்தான்.

விசாரணை நாளில் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்துவைக்க வந்தவர் பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சக ஊழியர். "உங்களுக்கு நான் சொல்லித் தரணுமாண்ணே?" என்று சிரித்துக்கொண்டே, "கடவுள் சாட்சியாக" என்று ஆரம்பித்தார்.

"அது வேண்டாம். இன்னொண்ணப் படிப்பா."

"எதுண்ணே?"

"கீழ இருக்கிறது."

தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல் நின்றது. பின்வரிசையில் யாரோ 'ஹ' என்று ஆரம்பித்து, சிரிப்பை அப்படியே விழுங்கினார்கள். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, "இவர் யாருன்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். திடீர்னு ஏன்னு..." என்று இழுத்தார். "காரணம் கேக்கக் கூடாது. உக்காருங்க" என்றார் நீதிபதி.

ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்குக் கிடைத்த அதே பாதுகாப்புதான். அவள் தலை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. பொய்தான் சொல்லப்போகிறேன் என்று தண்டோரா போட்டாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அப்படியும் சொன்னார். சைக்கிள் குறுக்கே வந்தது என்றார், மாப்பிள்ளை ஹாரன் அடித்தார் என்றார். கணீர்க் குரல் எங்கோ போயிருந்தது. "சத்தமா சொல்லுங்க" என்று இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

தீர்ப்புப் பத்து நாள் தள்ளிப்போனது. வெளியே தாழ்வாரத்தில் தையல்காரர் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். திட்டுவார், துப்புவார் என்று நினைத்து இவர் குனிந்தபடி கடக்கப் பார்த்தார். தையல்காரர் மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஐயா, நான் குறுக்க வந்தேனா?"

சத்தியக்காரர் ஊன்றுகோலின் நுனியையே பார்த்தார்.

"எனக்கு நேரா போன மாதிரிதான் ஞாபகம். ஆனா நீங்க கோர்ட்டு ஆளு. இத்தன வருஷமா சத்தியம் வாங்கறவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த வலியில எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு போல. என் வீட்டுக்காரியும் அதத்தான் சொல்றா, நீ பராக்குப் பாத்துட்டுப் போயிருப்பேன்னு."

சொல்லிவிட்டு, தப்புச் செய்தவரைப்போல ஒரு கும்பிடு போட்டு, தாங்கித் தாங்கி நடந்து போனார்.

அன்றிலிருந்து சத்தியக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் கடவுள் வரவில்லை, தையல்காரரின் கும்பிடுதான் வந்தது.  மூன்றாம் நாள், ஒரு கிழவர் கூண்டில் ஏறிக் கையைத் தூக்கியபோது, "கடவுள்" என்ற சொல்லுக்கு மேல் இவருக்கு வாய் எழவில்லை. கிழவர் தூக்கிய கையோடு காத்திருந்தார். நீதிபதி அம்மா இவரைப் பார்த்தார்.

மதியம் நீதிபதி அம்மாவின் அறைக்குப் போய் நின்றார். "அம்மா, பக்கத்துக் கூடத்துல நான் சொன்னது..." என்று தொடங்கியதும் அவர் கையமர்த்தினார்.

"என்கிட்ட சொல்லாதீங்க. அந்த நீதிபதிக்கு எழுதிக் குடுங்க. வேலை போகலாம், தெரியுமில்ல?"

"தெரியும்மா."

எழுதிக் கொடுத்தார். மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். சக ஊழியர் முகத்தைப் பார்க்காமல், "எதண்ணே படிக்கட்டும்?" என்று கேட்டார். கடவுள் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலிருக்க அதைவிட வெட்கமாக இருந்தது. "உனக்கு எது தோணுதோ படிப்பா" என்றார். நடந்ததை நடந்தபடி சொல்ல மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளைக்கு அபராதமும் ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் நிறுத்தமும் விழுந்தன. தீர்ப்புக்கு முன் தானாக வந்து உண்மையைச் சொன்னார் என்பதால் சத்தியக்காரருக்குச் சிறை இல்லை. வேலை மட்டும் ஆவண அறைக்கு மாறியது, பழைய கட்டுகளுக்கு நடுவே, யாருக்கும் சத்தியம் செய்துவைக்கத் தேவையில்லாத இடத்துக்கு. இளையவர்கள் சிலர் அவர் காதுபட, "கீழ் வாசகம் வர்றாரு" என்றார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகள் ஒரே ஒருமுறை போன் செய்தாள். "உங்க கடவுள் உங்ககிட்ட வந்து என்னை நடுத்தெருவுல விடச் சொன்னாராப்பா?" உண்மையைக் கடவுளுக்காகச் சொன்னாரா, தையல்காரருக்காகவா, தன் வெட்கம் தாங்காமலா என்று அவருக்கே தெரியவில்லை. "இல்லம்மா" என்றார். அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மனைவி மட்டும் பேரப்பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

மன்னிப்புக் கேட்கத் தையல்காரரைத் தேடிப் போனார். ஒரு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில், ஜன்னலோரம் மெஷின். வலதுகாலை ஸ்டூலில் நீட்டிவைத்து, இடதுகாலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்ணினது பெரிய பாவங்க. கடவுள் என்னை..."

"கடவுள விடுங்க" என்றார் தையல்காரர், தையலை நிறுத்தாமல். "ஒரு வாரம் நான் என் பொண்டாட்டிகிட்டயே பொய்யனா இருந்தேன். அதவிட, எனக்கே நான் பொய்யனா இருந்தேன். ராவெல்லாம் படுத்துக்கிட்டு அந்த ரோட்டையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். கால் வலிகூட அப்புறந்தான்."

சத்தியக்காரர் கைகட்டி நின்றார். 

"ஏதாவது தைக்கணுமா?"

"இல்லைங்க."

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். ஒரு சட்டையின் கை முழுதும் தைத்து முடிகிறவரை நின்றுவிட்டு, மாடிப்படி இறங்கினார்.