மேடம் வாசலில் நின்றாள்

மார்பில் வந்த புற்று எலும்புக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க, வானகரத்து ஸ்கேன் சென்டரில் எனக்கு ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று படமெடுக்கும் ஆள் எல்லார் முன்பும் கேட்டதால், கூச்சத்தில், போகாமலே போனதாகத் தலையாட்டிவிட்டுப் படுத்தேன்.

அங்கே தலைமை ஒரு பெண். முன்முடி நரைத்தவள். ஊசி மருந்தில் கதிர்வீச்சு உண்டு என்பதால், போட்டுக்கொண்டவர்களிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள். என் படத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து காதோடு சொன்னாள்:

"அடக்கிகினு கீறியா ஆயா? மருந்து மூத்திரப் பையிலயே தேங்கி இடுப்பெலும்ப மறைக்குது. வா, நான் வாசல்ல நிக்கிறேன்."

"மேடம் போய் கக்கூஸ் வாசல்லயா?"

"நானும் பொம்பளதான், நட."

நின்றாள். மறுபடி படமும் அவளே எடுத்தாள்.

மறுநாள், எலும்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். யாரிடமும் வாய் திறக்காத நான், திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம், அவள் கேட்காமலே சொன்னேன்:

"அங்க எல்லாத்துக்கும் தலைமை ஒரு பொம்பளம்மா!"