தம்பியைப் பற்றி எழுதாத விண்ணப்பம்

இலங்கையில் சண்டை மறுபடி மூண்ட சமயம். முசஃபா என்ற வளைகுடாத் தொழிற்பேட்டையில் என் கணவர் சூப்பர்வைசராக இருந்த ஒர்க்‌ஷாப்பில் கிளிநொச்சிக்காரர் ஒருவர் வெல்டராக இருந்தார். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருடைய விசாவும் முடிய இருந்தது. ஊருக்குத் திரும்ப அவருக்குப் பயம். கனடாவில் இருந்த அவருடைய அக்கா சொல்லி, அங்கே ஒரு சர்ச்சில் அவரை அகதியாக அழைத்துக்கொள்ள முன்வந்திருந்தார்கள். கனடா தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன் மதுரையில் நான் இங்கிலீஷ் டீச்சர். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அவரை என் கணவர் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

சர்ச்சிலிருந்து வந்த கடிதத்தை முதலில் படித்தேன். "மாடியில் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். எங்களில் பலர் சிறு வயதில் இப்படி வந்து இறங்கியவர்கள்தான்" என்று இருந்தது. நான் அதை நம்பவில்லை. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டிய ஊரில் ஆறு வருஷம் இருந்தவள் நான். சும்மா எந்த நாடு ஆளைக் கூப்பிடும்?

"என்ட தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அக்கா. தேடிப் போன என்னையும் எட்டு நாள் வச்சு அடிச்சவங்கள். அதையும் எழுதுங்கோ" என்றார்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. போலீஸ் கேஸ்னு நினைச்சு பயந்துருவாங்க. அவங்களுக்கு வேலைக்கு ஆள் வேணும். உங்க வெல்டிங் சர்டிபிகேட்டைப் பத்தி நல்லா எழுதுறேன்."

அவர் சர்டிபிகேட்டை எடுத்துத் தந்தார். நான் எழுதி முடித்ததும், "உங்களுக்குத் தெரியும்தானே, அக்கா" என்று கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலில் வெல்டிங் பற்றி ஒரு கேள்விகூட இல்லையாம். ஏன் திரும்பிப் போக முடியாது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். தம்பியின் கதையைச் சொல்லியிருக்கிறார். "இவ்வளவு பெரிய விஷயம் ஏன் விண்ணப்பத்தில் இல்லை?" என்று கேட்டதற்கு, "மறந்துபோனன்" என்றாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் சொன்னது நம்பும்படி இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு அனுப்பப்பட்டார். இறங்கியதும் விசாரணை என்று கூட்டிப் போனவர்கள் இரண்டு வருஷம் வெளியே விடவில்லை.

போர் முடிந்தபின் வவுனியாவிலிருந்து என் கணவருக்குப் போன் செய்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, இனி வெல்டிங் செய்ய இயலாது என்றாராம். என்னிடமும் பேச வேண்டும் என்றார். போனை வாங்கினேன்.

"அக்கா, சுகமா இருக்கிறீங்களோ? அண்டைக்கு எனக்காக ஒரு நாள் முழுக்க இருந்து எழுதித் தந்தனீங்கள். மறக்கேல்ல."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றுதான் கேட்டேன்.