வெள்ளம் வடிந்த பிறகு வந்தவள்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் தெருவில் எனக்கு எதிர்வரிசை தனம் அக்கா. எங்கள் வரிசைக்குப் பட்டா உண்டு, அவர்கள் வரிசைக்குக் கிடையாது. அக்கா கேளம்பாக்கத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் கழிவறை கழுவப் போகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே வீடு. பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்தன.

போன வருஷம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியை ஸ்ரீவித்யா வந்தார். ஏழைகளின் வீட்டுரிமை பற்றி ஆராய்ச்சியாம். "நாங்க உங்களைப் பத்தி எழுத வரலை, உங்களோட சேர்ந்து எழுத வந்திருக்கோம். நீங்க எங்க கூட்டாளி" என்றார். தனம் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கூட்டாளியா? என் வூட்டுக்காரர் குடிக்கப் போறதே கூட்டாளிங்களோடதான் மேடம்!"

சிரித்தாளே தவிர, நம்பினாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மேடத்தின் மாணவி ஸ்நேகாவை வீடு வீடாக அழைத்துக்கொண்டு அலைந்தாள். கதவைத் திறக்காதவர்களிடம், "நம்ம பொண்ணுதான், பயப்படாம சொல்லு" என்று இவளே ஜாமீன் நின்றாள்.

ஸ்நேகா எல்லோரிடமும், "இங்க எப்போ வந்தீங்க?" என்று கேட்டாள். 2015 பெருவெள்ளத்தில் அவர்கள் வரிசை மொத்தமும் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தது. அதனால் தனம் அக்கா, "வெள்ளம் வடிஞ்சப்புறம் வந்தோம்மா" என்றாள். திரும்பி வந்தோம் என்று அர்த்தம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அறிக்கை இங்கிலீஷில் வந்தது. இந்த வரிசைக்காரர்கள் வெள்ளத்துக்குப் பிறகு குடியேறியவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? டீ குடித்து முறுக்கு தின்ன நேரமிருந்தது, அதற்கு இல்லையா?

அதிகாரிகள் அந்த அறிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு மாற்று வீடு கிடையாது, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தாம்பரத்தில் ஒரு விசாரணை மட்டும் உண்டு.

தனம் அக்கா மேடத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஐயோ தனம், ரிப்போர்ட் பப்ளிஷ் ஆயிடுச்சே. அடுத்த கட்டத்துல கண்டிப்பா கரெக்ட் பண்ணிடலாம்."

"வூட்ட இடிச்சப்புறம் இன்னா மேடம் அடுத்த கட்டம்? விசாரணைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"அன்னிக்குக் காலைல நம்ம செமினார் இருக்கே. நீங்களும் வந்து பேசுங்க. அதுவே பெரிய சப்போர்ட்."

செமினார் முடிந்ததும் மேடத்தைக் கையோடு தாம்பரத்துக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று தனம் அக்கா கணக்குப் போட்டாள். துணைக்கு நானும் போனேன். ஏசி அரங்கு. சுவரெல்லாம் எங்கள் தெரு போட்டோ. அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் வெள்ளத்துக்கு அப்பால குடி வந்தவ இல்ல. ஸ்கூல்லேந்து என் வூட்டுக்குத் திரும்பி வந்தேன். நீங்க தப்பா எழுதிட்டீங்க. மத்தியானம் தாம்பரத்துல விசாரணை கீது. மேடம், எழுந்து வாங்க. நீங்களே ஆபீசராண்ட சொல்லுங்க. இங்க இத்தினி பேர் கீறீங்களே, யாராச்சும் வாங்க!"

அரங்கமே கைதட்டியது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். அவள் கூப்பிடுகிறாள், இவர்கள் தட்டுகிறார்கள்! தட்டல் ஓயும்வரை தனம் அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ரொம்ப பவர்ஃபுல், தனம்" என்று மைக்கை வாங்கிக்கொண்டு, மேடம் அடுத்தவரைப் பேச அழைத்தார். எங்களோடு வர ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

தாம்பரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் போய் நின்றோம். பழைய ரேஷன் கார்டு, காகிதம் எல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தன. தனம் அக்கா சொன்னதையெல்லாம் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு அறிக்கையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பக்கம் நிக்கிறவங்க எழுதினதும்மா இது. அவங்களே நீங்க அப்புறம் வந்தவங்கன்னு சொல்லும்போது, நான் என்ன பண்ண முடியும்?"