சுண்ணாம்புக் கோடு

திருப்பதியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். என் முதல் போட்டி. ஷூ லேஸை மூன்று முறை அவிழ்த்துக் கட்டியும் பயம் போகவில்லை. காலடியில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டின் வாசனை என்னை எங்கள் ஊரான நகரியின் பள்ளி மைதானத்துக்கு இழுத்துப் போனது.

ஏழாவது படிக்கும்போது இப்படித்தான் கோட்டில் நின்றேன். பஞ்சு ஒட்டிய லுங்கியோடு நைனா வந்து கையைப் பிடித்தார்.

"ஓடி இன்னா கிழிக்கப் போற? தறி நிக்குது, வா."

விசில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடமும் அன்றோடு முடிந்தது.

இன்று ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது நைனா போன் செய்தார்.

"எங்கடி சுத்திக்கினு கீற? தறி நிக்குது."



"நிக்கட்டும் நைனா. அடுத்த மாசம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடணும். தெனம் காலைல ஓடிட்டுத்தான் தறிக்கு வருவேன்."